ஆண்களுக்கு இடமில்லாத கட்டம்

பனி விலகினால் பார்த்துவிட்டுச் சொல்லலாம், விலகாவிட்டால் பார்க்காமலே சொல்ல வேண்டும், எப்படியும் மதியத்துக்குள் என் வாயிலிருந்து ஒரு ‘சரி’ வந்தாக வேண்டும். ரேஞ்சர் அழகுமலை அதற்காகத்தான் விடிந்ததும் என்னை ஜீப்பில் ஏற்றி இந்த முகட்டில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். கீழே செக்போஸ்ட்டில் மயக்க ஊசித் துப்பாக்கியோடு கால்நடை மருத்துவர் காத்திருக்கிறார், வைக்கோல் பரப்பிய கூண்டுகளோடு லாரி நிற்கிறது. எதிரே கூடாரப் பாறை. இருக்க வேண்டும். நேற்று மாலை இருந்தது, கறுப்பாக, செங்குத்தாக, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு. இப்போது அந்த இடத்தில் வெள்ளை மட்டும்தான், பால் கொதித்துப் பொங்கி அப்படியே நின்றுவிட்டதுபோல ஒரு வெள்ளை. அதற்குள் என் வரையாடுகள் எங்கோ நின்று ஈரப் புல்லை மென்றுகொண்டிருக்கின்றன. என் ஆடுகள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை. நான் மலையில் பிறந்தவளும் இல்லை, ஆட்டைத் தொட்டவளும் இல்லை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிற பெனினா டீச்சர். ஒரு கூட்டம் பெருகுமா, தேயுமா என்று கணக்குப் போட்டுச் சொல்வேன், அதைக் கேட்டு வனத்துறை காரியம் செய்யும், அவ்வளவுதான் எனக்கும் ஆட்டுக்கும் உள்ள உறவு. இங்கிருந்து மூன்று தாய் ஆடுகளைப் பிடித்து, பள்ளத்தாக்குக்கு அப்பால் இருக்கும் பூதமலையில் விட வேண்டும். பூதமலையில் ஒரு காலத்தில் வரையாடு இருந்தது, வேட்டையில் போய்விட்டது, இப்போது அங்கே புல் இருக்கிறது, பாறை இருக்கிறது, கடிக்க ஆள் இல்லை. கூட இரண்டு கிடாய்களை வேறொரு மலையிலிருந்து கொண்டுவரப்போகிறார்கள். இந்தக் கூட்டம் மூன்று தாய்களை இழந்தால் தாங்குமா என்று ஜூன் மாதம் கேட்டார்கள். தாங்கும் என்று சொன்னேன். இன்று அதையே பாறைக்கு எதிரே நின்று ஒருமுறை சொல்ல வேண்டும். சம்பிரதாயம்தான். சொல்லிவிட்டுக் கீழே போய்த்தான் காலைச் சாப்பாடு.

கணக்கில் பிழை இல்லை. மனதுக்குள் மறுபடி போட்டுப் பார்க்கிறேன், கண்ணெதிரே இருக்கும் வெள்ளை நல்ல கரும்பலகையாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அணி என்று போட்டிருக்கும், இங்கிலீஷில் மேட்ரிக்ஸ், நான் பிள்ளைகளிடம் கட்டம் என்றுதான் சொல்வேன். மூன்று வரிசை, மூன்று பத்தி, ஒன்பது அறை. மூன்றும் மூன்று வயதுகள்: குட்டி, இளசு, தாய். ஒவ்வொரு அறைக்கும் ஒரே ஒரு கேள்வி, இந்த வயதில் இருக்கும் ஒருத்தி அடுத்த வருடம் அந்த வயதுக்கு எவ்வளவு தருவாள். குட்டிகளில் பாதி பிழைத்து இளசாகும், அரை. இளசுகளில் பத்துக்கு எட்டு தாயாகும். தாய்களில் பத்துக்கு ஒன்பது மறு வருடமும் தாயாகவே இருக்கும். பத்துத் தாய்களுக்கு வருடத்தில் நான்கு பெண் குட்டி. மற்ற அறைகளில் பூஜ்யம், ஏனென்றால் குட்டி குட்டி போடாது, தாய் திரும்ப இளசாகாது. இவ்வளவுதான் கட்டம், ஒரு தீப்பெட்டியின் முதுகில் எழுதிவிடலாம். அதற்குள் ஒரு மலையின் அத்தனை பிறப்பும் அத்தனை சாவும் சிறுத்தையும் காட்டுத்தீயும் உட்கார்ந்திருக்கின்றன. முதன்முதலில் இதை நான் பெருக்கிப் பார்த்தது மாணவியாக இருந்தபோது, விடுதி மெஸ்ஸில், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு. ஒரு பெருக்கல் என்றால் ஒரு வருடம். நூறு குட்டிகளோடு தொடங்கினேன், தாயே இல்லாத ஒரு மலை, எங்கும் குட்டி. முதல் பெருக்கலில் ஐம்பது இளசு, இரண்டாவதில் நாற்பது தாய், அப்புறம்தான் முதல் பிறப்பு. ஏறி இறங்கித் தள்ளாடியது கணக்கு. ஏழாவது பெருக்கலில் அடங்கியது, நூற்றுக்கு அறுபத்துநான்கு தாய், இருபத்துநான்கு குட்டி, பன்னிரண்டு இளசு. சரி என்று நூறு தாய்களோடு தொடங்கினேன், குட்டியே இல்லாத மலை. கொஞ்சம் ஆடிவிட்டு அதே அறுபத்துநான்கு, இருபத்துநான்கு, பன்னிரண்டு. இளசுகளோடு தொடங்கினேன். அதேதான். சாம்பார் ஆறி ஏடு கட்டிவிட்டது, எனக்கு உடம்பு புல்லரித்தது. எங்கிருந்து புறப்பட்டாலும் கூட்டம் தன் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. என்ன கொடுமை நடந்திருந்தாலும், எந்த வயது அழிந்து எந்த வயது மிஞ்சியிருந்தாலும், அந்த ஒன்பது அறைகள் அதைத் தங்கள் உருவத்துக்கே கொண்டுவந்துவிடுகின்றன. யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல். கோயிலில் சிலர் அழுவார்கள், கடலைப் பார்த்துச் சிலர் பேசாமல் நிற்பார்கள், எனக்கு அது மெஸ் பெஞ்சில் நடந்தது. இன்னும் தீரவில்லை.

“டீ ஆறுது மேடம்.” அழகுமலை பிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டுகிறார், காதுவரை மப்ளர், பெரியகுளத்துக்காரர், குளிர் ஆகாது, ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம் கேட்டு அதை அவரே வாபஸ் வாங்கிவிடுவார் என்று கேள்வி. “பனிய என்ன அப்படி முறைக்கிறீங்க, அது வனத்துறைக்கே பயப்படாது.” கணக்குப் பார்க்கிறேன் சார் என்கிறேன். “அந்த ஒம்பது ரூம் கணக்கா? அன்னைக்கு டிரெய்னிங்ல சொன்னீங்களே. அதுல எனக்கு ஒரு வருத்தம் மேடம். ஆம்பளைக்கு ஒரு ரூம்கூட இல்ல.” குட்டி போடுவது பெண்தானே சார், கிடாய் ஒன்றிரண்டு இருந்தால் போதும், அதனால் கணக்கில் சேர்ப்பதில்லை. “எங்க வீட்லயும் இதே கணக்குதான் ஓடுது. ரேஷன் கார்டுல மட்டும் எம்பேரு இருக்கு.” சிரிக்கிறேன், டீ மூக்கில் ஏறுகிறது. அவரும் தன் கோப்பையை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொல்கிறார், “ஆனா நம்ம பசங்களுக்கு அது சௌகரியமாப் போச்சு. இந்த முகட்டுலதான் நின்னு எண்ணுனானுங்க. அங்கிட்டு நிக்கிறது பொட்டையா கிடாயான்னு எவனுக்குத் தெரியும். பெரிய சைஸ், பழுப்பு நெறமா, பொட்டைன்னு போடு. சந்தேகம்னா பொட்டை. நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க.” நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆமாம். அதில் தவறு ஒன்றும் இல்லையே. வளர்ந்த கிடாய் கறுத்துவிடும், முதுகில் வெள்ளிச் சேணம் போட்டதுபோல இருக்கும், குழந்தைகூட அடையாளம் சொல்லும். பழுப்பாக இருப்பதில் பெரும்பாலும் பெண்தான். சந்தேகமானதை எல்லாம் விட்டுவிட்டால் கணக்கில் தாய்கள் குறைந்துபோகும், கட்டத்தில் சந்தேகத்துக்கு என்று வரிசை கிடையாது, அதனால் பெண்ணோடு போடுங்கள் என்றேன். எண்ணிக்கை எடுக்கும் எல்லோரும் செய்வதுதான். பெரும்பாலும் பெண்தான். பெரும்பாலும். டீயில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கல். பெரும்பாலும் என்கிற சொல் வாயில் மாட்டிக்கொண்டது, பல்லிடுக்கில் மாட்டிய நார்போல, நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது. பழுப்பாக இருக்கிற எல்லாமே பெண் இல்லை. இரண்டு வயதுக் கிடாயும் பழுப்புதான். தாயின் உயரம், தாயின் நிறம், தூரத்திலிருந்து பார்த்தால் தாயேதான். ஏப்ரலில் பதினொன்று என்று எண்ணினார்கள், பதினொரு தாய். அந்தப் பதினொன்றில் எத்தனை சந்தேகம் என்று நான் கேட்கவே இல்லை. “எத்தனை சார் சந்தேகமா இருந்துச்சு?” “அதெல்லாம் யாரு மேடம் ஞாபகம் வச்சிருக்கா. ரெண்டு மூணு இருக்கும்.”

ரெண்டு மூணு. பெரிய கூட்டத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆயிரம் ஆடு இருந்தால் மூன்று ஆடு தூசு, கட்டம் அசையாது, ஏழு பெருக்கலில் மறந்துவிடும். ஆனால் பதினொன்றில் மூன்று. எட்டு. எட்டில் மூன்றைப் பிடித்துக் கூண்டில் ஏற்றினால், ஐந்து. பயம் இங்கேதான் தொடங்குகிறது, இந்த இடத்தில் கட்டம் என் கையை விட்டுவிடுகிறது. பத்துக்கு ஒன்பது தாய் பிழைக்கும் என்று எழுதுகிறேன், அந்த அறையில் புள்ளி ஒன்பது என்று உட்கார்ந்திருக்கிறது, வட்டமாக, சமர்த்தாக. மலையில் புள்ளி ஒன்பது ஆடு எங்கே நிற்கிறது. அரைக் குட்டி எப்படிப் பால் குடிக்கும். அங்கே இருப்பது முழு ஆடு, இல்லாவிட்டால் ஆடே இல்லை. ஒவ்வொரு தாய்க்கும் வருடத்துக்கு ஒருமுறை யாரோ தனியாகச் சீட்டுக் குலுக்குகிறார்கள், பத்துச் சீட்டில் ஒன்று கறுப்பு. எட்டுத் தாயும் ஒரு வருடத்தைக் குறையாமல் கடப்பதற்குப் பாதி வாய்ப்புகூட இல்லை. பிறக்கும் குட்டி பெண்ணா ஆணா என்பது காசு சுண்டுவதுதான். ஐந்து காசைச் சுண்டினால் முப்பத்திரண்டில் ஒருமுறை ஐந்தும் தலையாக விழும், வகுப்பில் பிள்ளைகள் விழுந்ததும் கைதட்டுவார்கள். இங்கே விழுந்தால் ஐந்து தாயும் ஒரே வருடம் கிடாக்குட்டியாகப் போட்டுவிட்டு நிற்கும், குறை ஒன்றும் இல்லை, நோய் இல்லை, வேட்டை இல்லை, வெறும் காசு. பெருகிக்கொண்டிருக்கிற கூட்டமே இப்படி ஒன்றுமில்லாமல் போகலாம். ஜூனில் கணினியில் இதே குலுக்கலை நூறு நூறு முறை ஓட்டிப் பார்த்தேன், மழை பொய்த்த வருடத்தையும் தீ பிடித்த வருடத்தையும் கலந்து. எட்டுத் தாய் மிஞ்சினால் நூறில் ஒன்பது முறை ஐம்பது வருடத்துக்குள் பாறை காலி. அதைத்தான் தாங்கும் என்று சொன்னேன். ஐந்து மிஞ்சினால் முப்பதை நெருங்கும். அபிஷா போன வாரம் போனில் சொன்னாள், என் மகள், புனேயில் வேலை, இருபத்தெட்டு வயது, கல்யாணப் பேச்சை எடுத்தேன். “அம்மா, எனக்குப் பிள்ளை குட்டி எல்லாம் வேண்டாம். உன் கட்டத்துல என் அறையில ஜீரோ போட்டுக்கோ.” சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். போடலாம், அவள் இஷ்டம், ஊரில் பிள்ளைகளுக்கு என்ன பஞ்சம். போனை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டே கணக்குப் போட்டேன். நான் இருக்கிறேன் என்றால் எனக்கு முன்னால் ஒருத்திகூடத் தவறவில்லை என்று அர்த்தம். காலராவில், பிரசவத்தில், வெள்ளத்தில், பஞ்சத்தில், எனக்கு நேர் மேலே இருந்த ஒவ்வொரு பெண்ணும் ஒரு பிள்ளை பெறும்வரை பிழைத்திருக்கிறாள், ஒவ்வொரு குலுக்கலிலும் வெள்ளைச் சீட்டு, பின்னால் போகப் போக எண்ணே முடியாத குலுக்கல். இந்த டீயைக் குடிக்கிற ஆளாக நான் இருப்பதற்கே எவ்வளவு பெரிய அதிசயம் தேவைப்பட்டிருக்கிறது. இதோ என் புறங்கையில் ஊர்கிற அட்டைக்கும் அப்படித்தான். தட்டிவிட மனம் வரவில்லை. தட்டிவிட்டேன்.

“மேடம், மேடம்.” அழகுமலை என் தோளைத் தொடாமல் காற்றைத் தட்டுகிறார். வெள்ளையில் ஒரு கிழிசல். பாறையின் ஒரு துண்டு மட்டும் தெரிகிறது, ஈரத்தில் யானை முதுகுபோல மின்னிக்கொண்டு, மேலேயும் இல்லை கீழேயும் இல்லை, அந்தரத்தில் தொங்குகிறது. அதன் விளிம்பில் பழுப்பாக மூன்று. முக்காலியில் நிற்கும் தொலைநோக்கிக்குள் கண்ணைக் கொடுக்கிறேன், என் மூச்சே கண்ணாடியில் படிகிறது, துடைக்கிறேன், மறுபடி. தாய்கள், கொழுத்த நல்ல தாய்கள். இருக்கட்டும், தாய்களாகவே இருக்கட்டும், ஆண்டவரே, நான் என் ‘சரி’யைச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி இட்லி சாப்பிடுகிறேன். ஒன்று தலையைத் திருப்புகிறது. கொம்பு அடியில் தடித்திருக்கிறது. தாய்க்கும் சிலதுக்குத் தடிக்கும். முன்னங்காலைப் பார், பெனினா. கால் கறுக்கத் தொடங்கியிருக்கிறது, முட்டியிலிருந்து கீழே மசி வழிந்ததுபோல. முகத்தின் பக்கவாட்டிலும் அந்த மசி. ஏப்ரலில் இது இருந்திருக்காது, ஏப்ரலில் நானே நின்றிருந்தாலும் பெண் என்றுதான் சொல்லியிருப்பேன், ஆறு மாதம் உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவந்திருக்கிறது. இரண்டாவதுக்கும் கறுப்பு. மூன்றாவது புல்லுக்குள் நிற்கிறது, கால் தெரியவில்லை, நீ மட்டுமாவது. அது பின்னங்காலில் எழும்புகிறது. அந்தரத்தில், விளிம்புக்கு ஒரு முழம் உள்ளே, முழு உயரத்துக்கு எழும்பி, கழுத்தை வளைத்து, கீழே வந்து மற்றதன் கொம்பில் மோதுகிறது. ஓசை வர நேரமாகிறது. வருகிறது, டொக் என்று, இரண்டு கூழாங்கல் தட்டியதுபோல. மறுபடி எழும்புகிறது, இப்போது அதன் காலும் கறுப்பு. விளையாட்டுதான். பயல்கள். மூன்று விடலைப் பயல்கள், என் கட்டத்தில் இடம் இல்லாதவர்கள், ஆறு மாதமாக என் கட்டத்துக்குள் தாய்களாக நின்று வருடத்துக்கு ஒன்றேகால் பெண் குட்டி போட்டுக்கொண்டிருந்தவர்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. வெள்ளை மூடிக்கொள்கிறது.

“என்ன மேடம், பாத்தாச்சா? டாக்டரை மேல வரச் சொல்லவா? மழை பிடிச்சா அப்புறம் பூதமலைப் பாதை இருக்காது, மழை விட்டா இதுகளுக்குச் சினை முத்திரும்.” தெரியும். இந்த வாரம் விட்டால் இந்த வருடம் போனது, அனுமதிக்காக இவர் மூன்று வருடம் சென்னைக்கு அலைந்திருக்கிறார், மறுபடி அலைந்தாலும் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. பூதமலையில் மூன்று தாய் போய் இறங்கினால் பாதிக்குப் பாதி அங்கே ஒரு கூட்டம் பிறக்கலாம். பாதி என்பது சின்ன வாய்ப்பா. நான் வேண்டாம் என்றால் அங்கே பூஜ்யம், பூஜ்யத்தை என் கட்டத்தால் எத்தனை முறை பெருக்கினாலும் பூஜ்யம், நூறு வருடம் பெருக்கினாலும் அந்தப் புல்லைக் கடிக்க யாரும் வரப்போவதில்லை. அந்தப் பூஜ்யத்தை நான் போடப்போகிறேன், நானே, இந்தக் கையால். அங்கே ஒரு மலை காலியாகவே இருக்கும், இங்கே ஒரு மலை காலியாகாமல் இருக்கலாம், இருக்கலாம் மட்டும்தான், எட்டுத் தாய்க்கும் சீட்டு ஒவ்வொரு வருடமும் குலுங்கிக்கொண்டுதான் இருக்கும். சொல்லாமலும் விடலாம். நான் பார்த்தது எனக்கு மட்டும்தான் தெரியும், ஒரு நிமிடக் கிழிசல், பனி, தூரம், சந்தேகமானால் பெண். “சார், வேண்டாம்.” “என்ன வேண்டாம்?” “பிடிக்க வேண்டாம். பதினொன்னு இல்ல சார், எட்டுதான். மூணு கிடாய்.” அவர் மப்ளரை இறக்குகிறார். “விளையாடாதீங்க மேடம்.” நான் சொல்லிக் கொடுத்த முறை தவறு சார், சந்தேகமானதைப் பெண் என்று போடச் சொன்னது நான். “இத ஜூன்லயே சொல்லியிருக்கலாம்ல?” “ஜூன்ல எனக்கும் தெரியாது.” “லாரி வாடகைய யாரு குடுப்பா, உங்க ஒம்பது ரூமா?” அவர் எழுந்து நடந்து, சிக்னல் கிடைக்கிற கல்மேல் ஏறி நின்று போனில் பேசுகிறார். காற்றில் துண்டு துண்டாக வருகிறது, “ஆமா டாக்டர்… இல்ல டாக்டர்… அவங்க கணக்கு அப்படிச் சொல்லுதாம்… வண்டியத் திருப்பிருங்க.” திரும்பி வந்து என் பக்கத்தில் உட்காரவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்கிறார். நியாயம்தான்.

பிறகு பனி விலகுகிறது, கேட்டபோது விலகாமல் எல்லாம் முடிந்தபிறகு, கீழிருந்து மேலாக, யாரோ வேட்டியை உருவியதுபோல, முழுப் பாறையும். இவ்வளவு பெரிதா. நேற்றும் இதைத்தானே பார்த்தேன். சுவரின் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடுகிறது, அதன் இந்தப் பக்கம் புல் தீர்ந்துவிட்டது, அந்தப் பக்கம் பச்சை. வெடிப்பின் ஓரத்துக்குத் தாய்கள் வந்திருக்கின்றன, இப்போது தெரிகிறது, கால் வெளுத்த, கொம்பு மெலிந்த உண்மையான தாய்கள். முதலாவது பார்க்காமலே தாண்டுகிறது. இவ்வளவு எளிதா. இரண்டாவது. அதன்பின்னே ஒரு குட்டி, அதைப் பார்க்க என்னால் முடியவில்லை, பார்க்கிறேன், தாண்டிவிட்டது. கீழே ஆழம் அறுநூறு அடியாவது இருக்கும், அதில் இன்னும் கொஞ்சம் பனி கிடக்கிறது. மூன்று, நான்கு. அழகுமலை என்னைக் கேட்காமல் தொலைநோக்கியைத் தன் பக்கம் இழுத்துக் கண்ணை வைக்கிறார். ஐந்தும் ஆறும் ஒட்டிக்கொண்டே போகின்றன. ஏழாவது ஈரத்தில் பின்னங்கால் வழுக்கி, உதைத்து, மேலே ஏறிவிடுகிறது, ஒரு கல் பெயர்ந்து விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது. எட்டாவது வெடிப்பின் ஓரத்தில் நிற்கிறது. கீழே பார்க்கிறது. பின்வாங்குகிறது. மற்றவை அந்தப் பக்கம் மேயத் தொடங்கிவிட்டன, ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி ஓரத்துக்கு வருகிறது, நான்கு கால்களையும் ஒரு கையகல இடத்தில் சேர்த்து வைக்கிறது, முதுகு வளைகிறது, எந்த அறையிலும் அடங்காத முழு உடம்பு, எனக்கு அதன் விகிதம் தெரியும், இந்த ஒரு தாண்டலுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அது பாறையில் இல்லை. வெளியில் இருக்கிறது. வெயில் அதன் வயிற்றுக்கு அடியில் தெரிகிறது.

“எட்டு,” என்கிறார் அழகுமலை, மெதுவாக, கண்ணை எடுக்காமல்.